முகம் இன்னும் வரல்ல

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மற்ற இரண்டும் என் நாத்தனார் பிள்ளைகள். அவள் கண்ணை மூடிய பிறகு, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் என் ஒற்றைக் காம்பராவுக்கு வந்தவர்கள். ஏழில் ஒன்றும் பசியோடு படுத்ததில்லை, ஒன்றும் அடுத்தவர் வாசலில் போய் நின்றதில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற ஓர் இடம் வரும். அதைப் படிக்கிறவர்கள் என்னை எப்போதும் அப்படிப்பட்டவள் என்று நினைத்துவிடக் கூடாது.

எழுத வந்தது என்னைப் பற்றி அல்ல. ஓப்பநாயக்க கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த நானாவைப் பற்றி.

அவருக்கும் ஒரு பேர் இருந்தது. கடைப் பலகையில் இருந்தது அவருடைய வாப்பாவின் பேர் என்று சொல்வார்கள். நாங்கள் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என்னைவிட நாலைந்து வயது இளையவர்தான், ஆனாலும் நான் அவரை நானா, அதாவது அண்ணன், என்றேன், அவர் என்னை அக்கா என்றார். இரண்டு பேருமே மூத்தவர்களாக இருந்தபடியால், எங்களுக்குள் சண்டை வந்தபோது விட்டுக்கொடுக்க ஓர் இளையவர் இல்லாமல் போனது.

ஆள் உயரம், ஒல்லி. வெள்ளைத் தொப்பி எப்போதும் சட்டைப் பையில் மடிந்திருக்கும். கேமராவுக்குள் பார்த்துப் பார்த்து இடது கண் சுருங்கியே போய்விட்டது. அந்தக் கண்ணால் நம்மைப் பார்த்தால் கேலி செய்வது போல இருக்கும்; மற்றக் கண்ணால் பார்த்தால் நம்மிடம் ஏதோ கேட்கத் தயங்குவது போல இருக்கும். எந்தக் கண்ணை நம்புவது என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை.

நான் அவரை முதலில் பார்த்தது அடையாள அட்டைக்குப் படம் எடுக்க அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த நாளில். அட்டை இல்லாமல் எங்கள் பிள்ளைகள் பஸ் ஏற முடியாத காலம் அது. எங்கள் சங்கத் தலைவர் சொல்லி வைத்து, கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பரா சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, முக்காலி போட்டு, எங்கள் பிரிவான மேல் கணக்கு ஆட்கள் எல்லோரும் வரிசையில் நின்றோம். பலாங்கொடை டவுன் ஸ்டூடியோவில் என்றால் உட்கார், நிமிர், டக், எழும்பு என்று முடிந்துவிடும். நானா அப்படி இல்லை. ஆளை உட்கார வைத்துவிட்டுச் சும்மா நிற்பார். கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்ப்பார், கால் மாற்றி நிற்பார்.

"என்ன நானா, எடுங்களேன்" என்றால், "முகம் இன்னும் வரல்ல" என்பார்.

முன்னால் உட்கார்ந்திருந்தவர் எங்கள் லயத்துப் பெரியவர். அவருக்கு வந்ததே கோபம்.

"மொகத்த வீட்லயா வச்சிட்டு வந்திருக்கேன்? கழுவி, பவுடர் போட்டு, கழுத்து மேலதான்டா கொண்டாந்திருக்கேன்" என்றார்.

அந்தக் கோபத்தில் அவர் நிமிர்ந்தபோது நானா அமுக்கிவிட்டார். பெரியவர் செத்த பிறகு பெரிதாக்கி மாலை போட்டது அந்தப் படத்துக்குத்தான். அதில் அவர் உயிரோடு திட்டிக்கொண்டிருப்பது போலவே இருக்கும்.

என் முறை வந்தது. நான் விறைப்பாக உட்கார்ந்தேன். நானா காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். இவருக்கு முன்னால் அசையக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. எவ்வளவு நேரம் போனதோ, அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு வந்தது திடீரென்று நினைவு வந்தது. டக் என்றது. என் அட்டையில் இருப்பது சோறு கரியப் போகிறதே என்று நினைக்கிற பெண்பிள்ளை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் பஸ்ஸை நிறுத்தி இறக்கி அட்டை பார்த்திருக்கிறார்கள். என் அட்டையைப் பார்த்தவர்கள் என்னை இரண்டாம் முறை பார்த்ததில்லை. பலாங்கொடையில் எடுத்த பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒவ்வொரு முறையும் கேள்வி. அவள் படத்தில் இருந்தது யாரோ.

இப்படிப்பட்டவர் சனி, ஞாயிறு ஆனால் ஊரில் இருக்க மாட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் ஸ்டூடியோ கதவைச் சாத்திவிடுவார். பலாங்கொடையில் மணிக்கூடு திருத்துகிற ஒருவர், வங்கியில் வேலை செய்கிற ஒரு சிங்கள மாத்தயா, இவர், மூன்று பேரும் சேர்ந்து ஒரு பழைய ஜீப்பில் காட்டுக்குப் போவார்கள். அனேகமாக உடவளவை. வழி திறந்திருக்கிற காலத்தில் யால. போவது புலியைப் படம் எடுக்க. நம் நாட்டில் இருப்பது சிறுத்தைதான், புலி இல்லை என்று என் பேத்தி திருத்துகிறாள். எங்கள் தோட்டத்தில் புலி என்றுதான் சொன்னோம். அப்புறம் நாட்டில் சண்டை முற்றி அந்தச் சொல்லைப் பஸ்ஸில் வாய்விட்டுச் சொல்ல முடியாத காலம் வந்தபோது, நானா அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு எல்லோரையும் காக்க வைக்கிறவர் மாப்பிள்ளைதானே என்பார்.

சனி, ஞாயிறு கல்யாணங்களை அவருடைய மச்சான் பார்த்துக்கொண்டார். அந்த மச்சான் எடுக்கிற படத்தில் பாதிப் பேருக்குத் தலை இருக்காது. அதனால் எங்கள் மேல் கணக்கில் ஒரு வழக்கம் உண்டானது. கல்யாணம் பேசினால் மண்டபத்துக்கு முன்னால், சமையலுக்கு முன்னால், நாள் குறிக்கிற ஐயரிடம் போய், சனி, ஞாயிறு இல்லாத கிழமை நாளில் ஒரு முகூர்த்தம் பார்த்துத் தாருங்கள் என்று கெஞ்சுவோம். என் பெரிய மகன் கல்யாணம் ஒரு புதன்கிழமை நடந்தது. நானாவுக்காகத்தான். ஐயர் சிரித்தார்: "மாப்பிள்ளைக்கு வசதியான நாள் பார்ப்பாங்க, படக்காரருக்கு வசதியான நாள் பார்க்கிறது நீங்கதாம்மா."

நானாவின் மனைவிக்கு இந்தக் காட்டுப் பயணம் பிடிக்கவில்லை. ஒரு முறை நான் ஸ்டூடியோவுக்குப் போயிருந்தபோது திரைக்குப் பின்னால் இருந்து சத்தமாகவே சொன்னார்: "ஊருக்கெல்லாம் ஒரு மாப்பிள்ளை. இவருக்குத்தான் கெழமைக்கொரு மாப்பிள்ளை. ஒருத்தராவது முகம் காட்டிக்கிறாரா கேளுங்க."

அது உண்மை. வருசக் கணக்காகப் போனார், ஒரு புலிப் படம் கொண்டுவந்ததில்லை. மற்ற இரண்டு பேரும் எடுத்திருக்கிறார்கள். வங்கி மாத்தயாவின் படத்தை நானே பார்த்தேன், மரத்தில் படுத்திருந்தது, வால் கீழே தொங்கியது. நானாவிடம் ஒரு அல்பம் இருந்தது. ஒரு நாள் ஆசையாக வாங்கிப் பிரித்தேன். ஒரு பாறை. வளைந்த புல். புழுதியில் காலடி. ஒரு மரக்கிளை, வெறும் கிளை. பக்கம் பக்கமாக அப்படித்தான்.

"இது என்ன நானா?"

"இப்பத்தான் எழும்பிப் போனார், அக்கா."

நான் அவருடைய இரண்டு கண்ணையும் பார்த்தேன். ஒன்று சிரித்தது. ஒன்று சிரிக்கவில்லை.

நாட்டில் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு வருசம் நாங்கள் வேன் பிடித்துக் கதிர்காமம் போனோம். எங்கள் வீட்டார், என் மருமகள் வீட்டார். நானாவும் தொற்றிக்கொண்டார். கதிர்காமத்தில் பள்ளிவாசலும் இருக்கிறது, நானும் தொழ வருகிறேன் என்றார். காடு பக்கத்தில் இருப்பது எங்களுக்கும் தெரியும். சாமி கும்பிட்டு முடித்த மறு நாள் காலையில் பக்கத்து ஊரான திஸ்ஸவில் ஒரு ஜீப் பேசி, எங்களையும் ஏற்றிவிட்டார். யானை பார்த்தோம், மயில் பார்த்தோம். ஒரு வளைவில் ஜீப்காரர் நிறுத்தினார். பாறையின் மேல் அது உட்கார்ந்திருந்தது. பின்னால் இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. மருமகளின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். நானா எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் தெரியுமா? என் மருமகளின் தம்பி எழும்பி நிற்கிறான், விழுந்துவிடுவான் என்று அவன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு பக்கம் திரும்பி இருந்தார். திரும்பியபோது பாறைதான் இருந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

"பொண்ணு வீட்டாக்களுக்கு மட்டும் முகம் காட்டிட்டுப் போயிட்டார்" என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

திரும்பி வருகிற வழியில் வேனை நிறுத்தினார்கள். ஓய்ந்திருந்த காலம்தான், ஆனாலும் ரோட்டில் மணல் மூட்டையும் ஆமி ஆட்களும் இருந்தார்கள். பையைத் திறக்கச் சொன்னார்கள். நானாவின் பையில் கேமரா, பெரிய கண்ணாடிக் குழாய், போன வாரங்களில் எடுத்த படங்கள். ஒரு படத்திலும் ஆள் இல்லை, மிருகம் இல்லை. பாறை, வழி, வளைவு, பாலத்து ஓரம். ஒன்றும் இல்லாத இடத்தை எதற்குப் படம் எடுக்கிறாய் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நானும் அதைத்தானே கேட்டேன். நானா சிங்களத்தில் நன்றாகப் பேசுவார். என்னிடம் சொன்ன அதே பதிலைச் சொன்னார். இப்பத்தான் எழும்பிப் போனார் என்று. யார் என்று கேட்டார்கள். அந்த இடத்தில் புலி என்று எப்படிச் சொல்வது? என் இரண்டாவது மகன் வெளியே கையைத் தூக்கி நின்றுகொண்டிருந்தான், அவனுக்கு அப்போது அட்டை புதிதாக வந்திருந்தது.

உள்ளே இருந்து ஓர் அதிகாரி வந்தார். சின்ன வயது. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு இவர் படம் எடுக்கிறவர் என்றால் என்னை ஒன்று எடுக்கட்டும், அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்றார். நாங்கள் கும்பிட்ட முருகன் கைவிடவில்லை என்று நான் நினைத்தேன். அதிகாரி தொப்பியைச் சரிசெய்து, மார்பை நிமிர்த்தி நின்றார். நானா கேமராவைத் தூக்கினார். இறக்கினார். சும்மா நின்றார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த மனுசன் இங்கேயும் அதைச் சொல்லப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. சொன்னார். முகம் இன்னும் வரவில்லை என்று, சிங்களத்தில், மரியாதையாகச் சொன்னார். என் மகன் கை தூக்கியபடி வெயிலில் நிற்கிறான். அதிகாரியின் தாடை இறுகியது. ரோட்டில் ஒரு லொறி போனது, அதன் பின்னால் கட்டியிருந்த ஆட்டுக்குட்டி கத்தியது, அதிகாரி திரும்பிப் பார்த்தார். டக். நானா அவருக்குக் கை கொடுத்தார். எங்களைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

வேனுக்குள் நான் அவரை ஏசின ஏச்சை எழுத மாட்டேன். என் மகனை வெயிலில் நிறுத்தி வைத்துக்கொண்டு முகம் பார்த்தீர்களே என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவங்க உம்மாக்குப் போற படமில்லையா அக்கா" என்று மட்டும் சொன்னார். இது நல்லவர் பேச்சா, பைத்தியக்காரர் பேச்சா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

அதற்கு மறு வருசம்தான் எங்கள் பதினாறாம் மலை விசயம் நடந்தது. மலை என்றால் தேயிலைக் கொழுந்து எடுக்கிற மலை. எங்கள் தோட்டத்தில் ஆக மேலே, காட்டோடு ஒட்டிக்கொண்டு இருப்பது. முதலில் லயத்து நாய்கள் காணாமல் போயின. அப்புறம் ஒரு கன்றுக்குட்டி. அப்புறம் பக்கத்துக் கணக்கில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளைக்குத் தோளில் நகம் பட்டது. என் மருமகள் அப்போது ஐந்து மாதம். காலையில் அந்த மலைக்கு ஏறுகிறபோது பனியில் அடுத்த நிரையில் இருப்பவளே தெரிய மாட்டாள். ஒரு நாள் அவள் கூடையை எறிந்துவிட்டு ஓடி வந்தாள். தேயிலைக்குள் ஒரு வால் போனதைப் பார்த்தேன் என்றாள்.

நான் அப்போது மாதர் சங்கத் தலைவி. பெண்கள் எல்லோரும் என் காம்பராவுக்கு வந்தார்கள். மறு நாள் பெரட்டுக்களத்தில், துரை ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறபோது, பதினாறாம் மலைக்குப் போக மாட்டோம் என்று நான் சொன்னேன். தோட்டத்தை நடத்துகிற அந்தத் துரை சிங்களவர், எங்கள் பேச்சை உடைத்து உடைத்துப் பேசுவார். கெட்டவர் இல்லை. காட்டுப்பன்றியாக இருக்கும், காட்டுப்பூனையாக இருக்கும், கொழுந்து முற்றிப் போகிறது, போகாதவர்களுக்குப் பேர் இல்லை என்றார். பேர் இல்லை என்றால் அன்றைய சம்பளம் இல்லை. புலி என்றால் காட்டுங்கள், நான் நம்புகிறேன் என்றார்.

எல்லோருக்கும் ஒரே ஆள் நினைவு வந்தது.

நானா வந்தார். கோயில் முன்னால் கூட்டம் போட்டோம். படம் ஒன்று எடுத்துத் தாருங்கள், துரை மூஞ்சியில் காட்டுகிறோம் என்றோம். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "படம் வந்தா என்ன செய்வீங்க?" பன்றிக்கு வெடி வைக்கிற ஆள் கீழ் ஊரில் இருக்கிறார், துரை ஒத்துக்கொண்டால் கூட்டி வந்துவிடுவோம், இரண்டு நாளில் தோலை உரித்துக் காயப்போடலாம் என்று இளவட்டங்கள் சொன்னார்கள். நானா தொப்பியை எடுத்து மடிப்பை நீவிவிட்டு மறுபடி பையில் வைத்தார். வரும் சனிக்கிழமை வருகிறேன் என்றார்.

இடம் காட்ட ஓர் ஆள் வேண்டும். தோலை உரிக்கிறேன் என்ற இளவட்டங்களுக்கு அன்று பார்த்து ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவனுக்கு இரத்தினபுரியில் வேலை. பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் போனேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து அப்போது மூன்று வருசம் ஆகியிருந்தது. பேரன் எடுக்கப் போகிறவளை யார் என்ன பேசிவிடுவார்கள்? ரொட்டியும் பாலில்லாத சாயத்தண்ணியும் எடுத்துக்கொண்டேன். விடிந்தும் விடியாமலும் ஏறினோம்.

ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கல். அதற்கு இந்தப் பக்கம் மானாப்புல்லுக்குள் உட்கார்ந்தோம். கதைக்கக் கூடாது, வெற்றிலை போடக் கூடாது, இருமல் வந்தால் சேலையை வாயில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். நான் ஏழு பிள்ளை வளர்த்தவள், எனக்கு இருக்கத் தெரியும் என்றேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. வெளிச்சம் வந்தது. கீழே பெரட்டுக்குத் தப்பு அடித்தார்கள். பனி தேயிலை மேல் படுத்திருந்து, மெல்ல எழும்பிப் போனது. ஊர் முழுக்க எழும்பி, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற சத்தம் மேலே வரை கேட்டது. எனக்குக் கால் மரத்துப் போனது. நானா என்று ஓர் ஆள் பக்கத்தில் இருப்பதே மறந்துவிட்டது. மூச்சுக்கூடக் கேட்கவில்லை.

அது வந்தது. காட்டிலிருந்து வரவில்லை, எங்கள் வழியில், நாங்கள் கூடை தூக்கி ஏறுகிற அதே வழியில் வந்தது. அவசரம் இல்லை. வழியின் நடுவில் வெயில் விழுந்த இடத்தில் உட்கார்ந்தது. முன்காலை நக்கியது. அவ்வளவு பக்கத்தில். அதன் காதுக்குப் பின்னால் ஓர் ஈ இருந்தது, அதை நான் பார்த்தேன். அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

நான் பயப்படவில்லை. இதை எழுதச் சொல்லி யாரும் என்னை வற்புறுத்தவில்லை, நானாக எழுதுகிறேன். பயம் வேறு, எனக்குத் தெரியும். இது என்ன என்றுதான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்போது டக் என்று கேட்டது.

அது எழும்பித் தேயிலைக்குள் போனது. ஒரு செடியும் ஆடவில்லை.

"முகம் வந்திச்சி" என்று நானா மெல்லச் சொன்னார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. எத்தனை வருசமாகக் காத்திருந்த மனுசன், கடைசியில் கிடைத்துவிட்டதே என்று எனக்கும் சந்தோசமாக இருந்தது. ரொட்டியைப் பிட்டு அவருக்குக் கொடுத்தேன்.

கீழே மடுவத்தில், கொழுந்து நிறுக்கிற இடத்தில், பெண்கள் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். படம் கழுவ வேண்டும், அடுத்த சனிக்கிழமை கொண்டுவருகிறேன் என்று நானா சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வாரம் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். குழாயடியில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், கீழ்க் கணக்கிலிருந்து வந்து கேட்டவர்களுக்கும் சொன்னேன். இதோ இவ்வளவு பக்கத்தில் வந்தது, நான் இமைக்கவில்லை, அதுதான் தலையைத் திருப்பிக்கொண்டு போனது என்று சொன்னேன். படம் வரும், பாருங்கள் என்று சொன்னேன். ஒருத்தியும் பதினாறாம் மலைக்கு ஏறவில்லை, ஒருத்திக்கும் பேர் விழவில்லை. என் வாய்ச்சொல்லை நம்பித்தான் அத்தனை பேரும் வீட்டில் இருந்தார்கள்.

சனிக்கிழமை பெரட்டுக்களத்தில் துரை வந்து நின்றார். நானா ஒரு மண்ணிற உறையை என் கையில் கொடுத்தார். தலைவி நீங்கதான் கொடுக்கோணும் என்றார். நான் நிமிர்ந்து நின்று, உறையைக் கிழித்து, படத்தை வெளியே எடுத்து, நான் பார்க்காமலே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தேன்.

அப்புறம் பின்னால் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

திருப்பிப் பார்த்தேன். அது நான்.

முக்காடு நழுவி, முன் பல் இரண்டு இல்லாத வாய் பிளந்து, கண் இரண்டும் பிதுங்கி, கன்னத்தில் புல் ஒட்டிக்கொண்டு. பின்னால் மானாப்புல். வேறு ஒன்றும் இல்லை. ஒரு வால், ஒரு காது, ஒரு புள்ளி கூட இல்லை.

"வாய மூடுங்க அக்கா, ஈ போயிரும்" என்று ஒருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். இமைக்கவில்லை என்று சொன்னீர்களே, அது மட்டும் உண்மைதான் என்றாள் இன்னொருத்தி. என் மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. நானாவைத் தேடினேன். அவர் ஓரமாக நின்று துரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துரை கையை நீட்டினார். கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். நெடு நேரம் பார்த்தார். அப்புறம் படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு கிட்ட?" என்றார்.

கையைக் காட்டினேன். நான் நின்ற இடத்திலிருந்து அவருடைய மோட்டார் சைக்கிள் நின்ற தூரம். துரை திரும்பி மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். மலையில் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டார். திங்கட்கிழமையிலிருந்து பனி எழும்பிய பிறகுதான் பதினாறாம் மலைக்குப் பெண்கள் ஏற வேண்டும், இரண்டு ஆண்கள் தகரம் அடித்துக்கொண்டு முன்னால் போக வேண்டும், பிள்ளை வயிற்றில் உள்ளவர்களைக் கீழ் மலைக்கு மாற்ற வேண்டும் என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. வெடி வைக்கிற ஆளைக் கூப்பிடலாமா என்று ஓர் இளவட்டம் கேட்டான். துரை படத்தை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். "இதில எங்க புலி? எதைச் சுடுறது?" என்றார்.

அவ்வளவுதான். பெண்கள் ஏறினார்கள், தகரம் அடித்தார்கள், ஒருத்திக்கும் ஒன்றும் நடக்கவில்லை. மருமகளுக்கு ஆண் பிள்ளை பிறந்தான். மழைக்குப் பிறகு சில நாள் வழியில் காலடி தெரியும், அப்புறம் அதுவும் தெரியவில்லை. புலியும் சாகவில்லை, மனுசரும் சாகவில்லை. எல்லோரும் நானா கெட்டிக்காரர் என்று பேசினார்கள். திட்டம் போட்டுத்தான் செய்தார் என்றார்கள்.

நான் அவரோடு பல மாதம் பேசவில்லை. திட்டம் என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாமே? ஊருக்கு முன்னால் என்னை வாய் பிளந்து நிறுத்திவிட்டுத்தான் அந்தத் திட்டம் நடக்க வேண்டுமா? அப்புறம் இன்னொரு பக்கம் யோசித்தால், திட்டம் போடுகிறவருக்குக் கண்ணில் ஏன் தண்ணீர் வந்தது? துரை அந்தப் படத்தை நம்புவார் என்று யாருக்குத் தெரியும்? அவர் சிரித்துவிட்டுப் போயிருந்தால்?

பேச்சு மறுபடி தொடங்கிய பிறகு மூன்று முறை கேட்டேன். முதல் முறை, ரோலில் ஒரே ஒரு படம்தான் மிச்சம் இருந்தது என்றார். அது எனக்குப் பதிலாகவே படவில்லை. ஒன்று இருந்தால் அதை அதற்கல்லவா வைத்திருக்க வேண்டும்? இரண்டாம் முறை, வெளிச்சம் உங்கள் பக்கம் விழுந்தது என்றார். மூன்றாம் முறை அவர் மனைவியும் இருந்தார். "செல்லுங்களேன், நானும் கேக்கிறேன்" என்றார் அந்த அம்மா. நானா சுருங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளைக்கு எந்த நாளும் அதே முகம்தான் அக்கா. அவருக்கு வாறதுக்கு ஒண்டுமில்ல. ஒங்களுக்கு வந்திச்சி."

எனக்கு என்ன வந்தது என்று கேட்டேன். அது எனக்கு எப்படித் தெரியும், உள்ளே இருந்தது நீங்கள்தானே என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க ஓப்பநாயக்க போனபோது பார்த்தேன். ஸ்டூடியோ கண்ணாடிப் பெட்டிக்குள், கல்யாணப் பெண்களுக்கு நடுவில், பெரிதாக்கி என்னை வைத்திருந்தார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, அது எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. எடுத்துவிடச் சொல்லி ஆள் அனுப்பினேன். எடுத்துவிட்டார். ஆனால் அந்த இடத்தில் வேறு எதையும் மாட்டவில்லை. ஸ்டூடியோவை மூடுகிற வரை இரண்டு கல்யாணப் பெண்களுக்கு நடுவில் வெறும் பலகை தெரிந்தது. நான் ஒவ்வொரு முறையும் அதைப் பார்ப்பேன். இப்பத்தான் எழும்பிப் போனார் என்று யாரிடமாவது சொல்லியிருப்பாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

கையில் எடுத்துப் பார்க்கிற சின்னக் கேமராக்கள் வந்த பிறகு ஸ்டூடியோவுக்கு ஆள் குறைந்தது. நானா மாவனெல்லையில் இருக்கிற மகள் வீட்டோடு போய்விட்டார் என்றார்கள். போகும் முன் தோட்டத்துக்கு வந்தாராம், நான் அன்று மருமகளோடு கிளினிக்குக்குப் போயிருந்தேன். பூட்டிய கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார், படம் ஒன்று எடுத்தார், போய்விட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். பூட்டிய கதவைப் படம் எடுத்தாரா என்று கேட்டேன். ஆமாம் அக்கா, பைத்தியக்காரர்தானே என்றாள். அவர் இன்னும் இருக்கிறாரா, இல்லையா, தெரியாது.

பெரட்டுக்களத்தில் நான் உயர்த்திப் பிடித்து, துரை திருப்பித் தந்த அந்தப் படத்தை நான் கிழிக்கவில்லை. சேலைகளுக்கு அடியில் போட்டேன். போன மாதம் பேத்தி பெட்டியைக் குடைந்து எடுத்துவிட்டாள். "அப்பாயி, இதுல நீங்க எதப் பாக்குறீங்க?" என்று கேட்டாள். புலியை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் முடிந்திருக்கும். சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் மூன்றாம் வகுப்பு எழுத்தை வைத்துக்கொண்டு இவ்வளவும் எழுதினேன். எழுதினால் விளங்கிவிடும் என்று நினைத்தேன். விளங்கவில்லை.

பேத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். படத்தைப் பாயில் வைத்திருக்கிறாள். இந்தாம்மா, நீ முதலிலிருந்து வாசி, நான் கேட்கிறேன். பிழை இருந்தால் திருத்து. கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த இடம் வரும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக வாசி. வாசிக்கிறபோது என் முகத்தைப் பார்க்காதே.